உயர் வருமானக்காரர்

சுவரில் இருந்த திரையில் எண் மாறும்போதெல்லாம் பால்துரை கையிலிருந்த எண் சீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். இன்னும் அவர் முறை வரவில்லை. நல்லது. இன்னும் நூறு பேர் முன்னால் இருக்கட்டும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒருசேரப் படுத்துக்கொள்ளட்டும், வெளியே பனி கொட்டு கொட்டென்று கொட்டி அலுவலகத்தையே இழுத்து மூடட்டும். எழுபத்தோரு வயது மனுஷன் இப்படி வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுப்பாடம் எழுதாதவன் வாத்தியாருக்குக் காய்ச்சல் வரட்டும் என்று வேண்டுவானே, அந்த வேண்டுதல்தான் இது. அது அவருக்கே தெரிந்தது, தெரிந்தும் விடவில்லை. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி செல்வக்கனி கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டரிடம் வந்தாலும் அப்படித்தான் உட்காருவாள், கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். வந்த விஷயம் சின்னது. அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் நடத்தும் மெடிகேர் காப்பீட்டில் மாசாமாசம் ஒரு கட்டணம் உண்டு. வருமானம் அதிகமென்றால் அதன்மேல் மேல்கட்டணம். அந்த வருமானத்தை இரண்டு வருஷத்துக்கு முந்தைய வரிக்கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இடையில் வேலை நின்றுபோயிருந்தால் இந்த ஆபீஸுக்கு வந்து சொன்னால் போதும், குறைத்துவிடுவார்கள். சொன்னால் போதும். அந்தச் சொல்வதுதான் பால்துரையால் முடியாத காரியம். போன மார்ச்சில் அவருடைய வேலை போய்விட்டது. அது செல்வக்கனிக்குத் தெரியாது.

மேல்கட்டணம் என்ற சொல்லை நினைத்தாலே அவருக்குக் காது மடல் சூடாகிறது, ஏனென்றால் அந்தச் சொல்லை அவர் ஒரு காலத்தில் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தவர். நியூ ஜெர்சித் தமிழர்கள் கூடிய ஒரு பொங்கல் விழாவில், பள்ளிக்கூட கேஃப்டீரியாவில், காகிதத் தட்டோடு நின்று நாலு பேர் காப்பீட்டுக் கட்டணம் ஏறிப்போனதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். இவர் சும்மா இருந்திருக்கலாம். சர்க்கரைப் பொங்கல் வாயில் இருந்தது, அதை மென்றுகொண்டே இருந்திருக்கலாம். ஆனால் விழுங்கிவிட்டுச் சொன்னார், உங்களுக்கெல்லாம் வெறும் கட்டணம்தான், எங்களுக்கு மேல்கட்டணமே உண்டு, நீ பெரிய ஆள்னு அரசாங்கமே கடிதாசி போட்டுச் சொல்லும்போது கட்டாம இருக்க முடியுமா என்று. எல்லாரும் சிரித்தார்கள். செல்வக்கனி சிரிக்கவில்லை, வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவருடைய சம்பளத்துக்காக அவள் பேரிலும் அந்த மேல்கட்டணம் விழுகிறது என்பதைக்கூட இவர் ஒரு பெருமையாகச் சொன்னார், என் பெண்டாட்டியும் உயர் வருமானக்காரிதான் என்று. சே. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கும்பலில் சிங்கராயன் நின்றிருந்தான். தூத்துக்குடியில் ஒரே தெருவில் வளர்ந்தவன், அவரைப் பார்த்துத்தான் அமெரிக்காவுக்கே வந்தவன், அந்த மாதம்தான் கம்பெனியில் அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் யாரிடமும் ஒளிக்கவில்லை, வேலை போய்ட்டுண்ணே, எங்கயாச்சும் இருந்தா சொல்லுங்க என்று கேட்டான். அதற்கு இவர் சொன்ன பதில்தான் இப்போது இந்த ஹாலில் சுற்றிச் சுற்றி வந்தது. உழைக்கிறவனை எவனும் வெளியே அனுப்ப மாட்டான்டே. டே வேறு. அதைப் பொதுப்பேச்சாகத்தான் சொன்னேன், அவனைச் சொல்லவில்லை, என்று எத்தனையோ தரம் தனக்குள் வாதாடிப் பார்த்துவிட்டார். ஒரு தரமும் ஜெயிக்கவில்லை. சிங்கராயன் தட்டை மெதுவாகக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனான், அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை.

மணி அடித்தது. வேறு எண். ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எழுந்து போனார், போகும்போதே தன் கதையைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரிடம் உரக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், ஹால் முழுக்கக் கேட்டது. இவர்களுக்கெல்லாம் சொல்வது எவ்வளவு சுலபமாக வருகிறது. தன்னுடையதும் இப்படித்தான் ஹால் முழுக்கக் கேட்கும் என்று பால்துரைக்குத் தோன்றியது, ஹால் கேட்டுவிட்டுப் போகட்டும், பக்கத்து நாற்காலி கேட்குமே. போன மார்ச்சில் வேலை போனதை அவருக்குச் சொன்ன கம்பெனிப் பையன் உரக்கச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் திரைக்குள் இருந்து, தாழ்ந்த குரலில், உங்கள் பதவியை எடுத்துவிட்டோம், உங்களையல்ல, பதவியை என்றான். பால்துரை பாலங்களைச் சோதிக்கிற இன்ஜினியர். முப்பத்தைந்து வருஷம் சுத்தியலும் கையுமாகப் பாலத்துக்கு அடியில் நின்று கான்கிரீட்டைத் தட்டிப் பார்த்தவர். நல்ல கான்கிரீட் கணீரென்று பேசும், உள்ளே விட்டுப்போன இடம் பொத்தென்று சொல்லும், வெளியே பார்த்தால் ஒரு கீறல் இருக்காது. பொத்தென்ற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வருவார். அந்தப் பையனுக்கு அதெல்லாம் தெரியாது, இப்போது அதற்குக் கருவி வந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சொல்லிவிடலாம் என்றுதான் வந்தார். கதவைத் திறந்ததும் செல்வக்கனி அடுப்படியில் இருந்தபடியே, இன்னைக்கு ரொம்ப வேலையா, முகம் இப்படி வாடிக் கிடக்கு என்று கேட்டாள். ஆமா, ரொம்ப வேலை என்றார். வந்த வார்த்தை அதுதான். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் மறுநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று, அதற்கு மறுநாளும்.

எங்கே போவது? குடியிருக்கிற ஊர் நூலகத்தில் ரிட்டையரான தமிழ் ஆட்கள் பேப்பரை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அதனால் இரண்டு ஊர் தள்ளி ஒரு நூலகம். அங்கே சாய்வு நாற்காலி ஒன்று, குழந்தைகளுக்குக் கதை வாசிக்கிற அம்மாள் ஒருத்தி, மீன்தொட்டி ஒன்று. மத்தியானம் காரில் உட்கார்ந்து சாப்பாடு. செல்வக்கனி கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறக்கும்போதுதான் ஒவ்வொரு நாளும் வெட்கம் நெஞ்சை வந்து அடைக்கும். விடிவதற்கு முன்னால் எழுந்து வதக்கித் தாளித்துக் கட்டியிருப்பாள், வேலைக்குப் போகிற மனுஷன் என்று. வேலைக்குப் போகாத மனுஷன் அதை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துச் சாப்பிடுவார், பிறகு நூலகத்துக் குழாயில் டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். வேலை இருந்த காலத்தில் ஒருநாளும் கழுவியதில்லை. இப்போதோ அவளுக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். சோற்றைக் குறை சொல்ல முடியாது. சொல்லப்போனால் இந்தச் சில மாதமாகத்தான் அவர் வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறார். முன்பெல்லாம் ஆபீஸுக்கு எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு, பிரட்டுக்குள் எதையாவது வைத்தது. வந்த புதிதில் ஒருநாள் மீன் குழம்பை ஆபீஸ் மைக்ரோவேவில் சூடுபண்ணிவிட்டார், மறுநாள் அந்த மைக்ரோவேவின் மேல் பெரிய எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பேர் போடவில்லை, போடத் தேவையும் இல்லை, அந்த மாடியில் மீன் குழம்பு கொண்டுவருகிறவர் ஒருவர்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து செல்வக்கனியிடம் எரிந்து விழுந்தார், இனிமேல் மீன் கிடையாது, கருவாடு கிடையாது, பூண்டுகூடக் கூடாது என்று. என்னவோ அவள் போய் அந்தக் காகிதத்தை ஒட்டியதுபோல. அவளும் அதற்குப் பிறகு ஒருநாள்கூட வைத்ததில்லை. ஆனால் போன கோடையில் ஒருநாள் டப்பாவைத் திறந்தால் தயிர்ச் சோற்றுக்கு ஓரமாக நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. மறந்து வைத்துவிட்டாள் பாவம், வயசாகிறது என்று நினைத்தார். கார்க் கண்ணாடிகள் நாலையும் இறக்கிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டார், காரத்தினாலும் வந்தது. சாயங்காலம் நல்லாருந்துச்சு என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அடிக்கடி மறந்தாள். வாரத்தில் இரண்டு நாள் கருவாடு, ஒருநாள் சாளை மீன் பொரியல். அவள் ஞாபகமறதியில் அவர் நாக்கு சுகப்பட்டுக்கொண்டிருந்தது, அதுவும் ஒரு வெட்கம்தான்.

காலையில் காரில் வரும்போது இந்தக் குளிரிலும் அவள் தன் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். என்ன என்று கேட்டார். ஒண்ணுமில்லை, மூச்சு முட்டுது என்றாள். அவருக்கு மூச்சு முட்டியது வேறு விஷயத்தில். இந்த ஆபீஸுக்கு வருவதை அவர் எத்தனையோ விதமாகத் தட்டிக்கழித்துப் பார்த்தார். கட்டணக் கடிதம் அவள் பேருக்கும் வந்திருந்தது, அவள் தோழி ஒருத்தி சொன்னாளாம், வேலை நின்றாலோ குறைந்தாலோ போய்க் கேட்டால் உண்டு என்று. அவளே போன் போட்டு நாள் வாங்கிவிட்டாள். எனக்கு ஆபீஸ் இருக்கு என்றார். ஒருநாள் லீவு போடுங்க, எதுக்கும் ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வந்துருவோம் என்றாள். லீவு! மாடிக்குப் போய், படுக்கையறைக் கதவைத் திறந்தே வைத்து, அவள் காதில் விழட்டும் என்று யாருமில்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு லீவு கேட்டார். எதிர்முனை சரி என்று சொல்வதற்குத் தோதாகக் கொஞ்சம் இடைவெளிகூட விட்டார், நன்றி சொன்னார், சிரித்தார்கூட. அந்தச் சிரிப்பை நினைத்து இப்போது நாற்காலிக்குள்ளேயே கூனிக் குறுகினார். சம்பளமும் அப்படித்தான். ஒழுங்காகத் தேதி தவறாமல் வீட்டுக் கணக்கில் பணம் விழ வேண்டுமே என்று ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அப்படி எடுப்பதும் வருமானம் என்றுதான் வரிக்கணக்கில் ஏறும் என்பது அவருக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அதாவது வாங்காத சம்பளத்தை வாங்குவதாக நடித்ததற்கு இன்னும் ஒரு வருஷம் கழித்து ஒரு மேல்கட்டணம் வரும். உலகத்தில் அவருடைய பொய்யை முழுசாக நம்புவது அரசாங்கம் ஒன்றுதான், அதுவும் நம்பியதற்குக் காசு கேட்கும். அவளும் நம்புகிறாளே என்று உடனே தோன்றியது, தோன்றியதும் இன்னும் கொஞ்சம் குறுகினார்.

சொல்லிவிட்டால் என்ன? இப்போதே, இந்த நாற்காலியிலேயே, கனி, ஒரு விஷயம் என்று ஆரம்பித்துவிட்டால்? வாயைத் திறந்தார். குளிருதா என்று கேட்டார். இல்லை என்றாள். அவ்வளவுதான். வேலை போனதைக்கூடச் சொல்லிவிடலாம், வேலை யாருக்கும் போகும். பத்து மாதமாகத் தினமும் காலையில் போயிட்டு வாரேன் என்று அவளிடம் சொன்னாரே, அதை எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் முதலில் எதை நினைப்பாள்? பொங்கல் விழாவை நினைப்பாள். உழைக்கிறவனை எவனும் வெளியே அனுப்ப மாட்டான்டே. அந்த வாக்கியம் மறுபடியும் வந்து நின்றது, வெளியே போக வழியில்லாமல் முட்டிக்கொண்டு. அப்போதுதான் அவருக்கு அந்தக் குறுக்கு வழி தோன்றியது. தோழி சொன்னாளே, நின்றாலோ குறைந்தாலோ என்று. வேலை நேரம் குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டால்? பாதி உண்மை. வாரத்தில் ரெண்டு நாள்தான் இனிமேல் என்று வீட்டிலும் சொல்லிக்கொள்ளலாம், பிறகு ஒருநாள் என்றாகும், பிறகு யாருக்கும் வலிக்காமல் ரிட்டையர் ஆகிவிடலாம், கேக் கூட வெட்டலாம். நெஞ்சு லேசானது. மணி அடித்தது, திரையில் அவர் எண்.

கண்ணாடிக்குப் பின்னால் தாடி வைத்த ஒரு சின்னப் பையன் இருந்தான். இரண்டு பேருடைய பெயரையும் சரிபார்த்தான், பால்துரை என்பதைத் தப்பாகத்தான் சொன்னான், மரியாதையாகச் சொன்னான். நீங்கள் இருவரும் உயர் வருமானப் பிரிவில் இருக்கிறீர்கள், அந்த வருஷத்துக்குப் பிறகு உங்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்று கேட்டான். வேலை குறைந்துவிட்டது என்றார் பால்துரை. குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. பையன் தட்டச்சு செய்துகொண்டே, அப்படியென்றால் இந்த வருஷம் சம்பளம் தோராயமாக எவ்வளவு வரும் என்றான். அது ஒரு சாதாரணக் கேள்விதான். பால்துரை வாயைத் திறந்தார். எந்த எண்ணும் வரவில்லை. கண்ணாடியில் தன் முகமும் பக்கத்தில் அவள் முகமும் மங்கலாகத் தெரிந்தன, அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க மேஜையில் கட்டிவைத்திருந்த பேனாவின் சங்கிலியைப் பார்த்தார். பையன் காத்திருந்தான்.

அப்போது செல்வக்கனி கண்ணாடிப் பக்கம் கொஞ்சம் குனிந்து ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். குறையவில்லை, நின்றுவிட்டது என்றாள். போன மார்ச்சிலோ ஏப்ரலிலோ, சரியான தேதி அவர் சொல்வார் என்றாள். சொல்லிவிட்டுப் பழையபடி நிமிர்ந்து உட்கார்ந்து கைப்பையின் மேல் கைகளை வைத்துக்கொண்டாள். பால்துரைக்குக் காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்டது, பாலத்துக்கு அடியில் நிற்கும்போது மேலே லாரி போகுமே, அப்படி. தேதியைச் சொன்னார். சொன்னது தன் வாய்தான் என்று நம்ப முடியவில்லை. பையன் ஒன்றும் வியக்கவில்லை, இந்த மாதிரி நிறையப் பேர் வருகிறார்கள் என்று மட்டும் சொல்லி, இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். கட்டணத்தைக் குறைப்பது பற்றிய முடிவு தபாலில் வரும் என்றான். நன்றி சொன்னது அவள்.

காருக்குள் வந்து உட்கார்ந்து சாவியைப் போடாமல் இருந்தார். வெளியே நிறுத்துமிடத்தில் பனியை ஒதுக்கிக் குவித்திருந்தார்கள், அழுக்குப் படிந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"நெத்திலித் தொக்கு வச்சேனே, அன்னைக்கு இருந்து."

முதல் தரம் நிஜமாகவே தவறித்தான் வைத்தாளாம். தனக்கென்று எடுத்துவைத்த டப்பா மாறிப்போய்விட்டது, பகல் முழுக்கப் பதறிக்கொண்டிருந்தாளாம், சாயங்காலம் வந்து வீட்டைத் தலைகீழாக்கப் போகிறார் என்று. வந்தவர் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார், நல்லாருந்துச்சு என்றார். மைக்ரோவேவ் இருக்கிற இடத்தில், நாலு பேர் இருக்கிற இடத்தில் இந்த மனுஷன் அதைத் திறந்திருக்கவே மாட்டாரே என்று ராத்திரி படுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சந்தேகத்துக்கு மறுவாரம் வேண்டுமென்றே வைத்தாள். அதுவும் கழுவித் திரும்பி வந்தது, டப்பா கழுவி வர ஆரம்பித்தது மார்ச் ஏப்ரல் வாக்கில் என்பதும் அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பிறகு காரில் ஏறினால் வாசமே சொல்லிவிட்டது. தட்டிப் பார்த்திருக்கிறாள், பால்துரை நினைத்தார். இரண்டே தட்டு.

"தெரிஞ்சப்புறமும் எதுக்கு தெனமும் சோறு கட்டுன?"

"நீங்க தெனமும் சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னிய. வெறுங்கையோட எப்படி அனுப்ப?"

ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவர் கேட்க நினைத்ததை அவள் பார்த்துவிட்டாள். கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே, அவரைப் பார்க்காமல், எதிரே இருந்த பனிக் குவியலைப் பார்த்துச் சொன்னாள்.

"சிங்கராயண்ணன்ட்ட நீங்க சொன்னப்ப நானும் பக்கத்துலதான நின்னேன். அப்படிச் சொன்ன வாயால எங்கிட்ட எப்படிச் சொல்லுவிய? அதான் நானும் இருந்துட்டேன். இந்தக் கடுதாசி வரலைன்னா இன்னும் இருந்திருப்பேன்."

அவளுடைய குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பால்துரைக்குப் பட்டது. கோபத்துக்கு ஒரு பதில் சொல்லலாம், எதிர்த்து ஒரு சத்தம் போடலாம். அவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். பத்து மாதமாக அவளை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற வெட்கத்தோடு சாப்பிட்டார் அல்லவா, கோடைக்குப் பிறகு ஒரு வாய்கூட ஏமாற்றிச் சாப்பிட்டதில்லை, எல்லாமே அவள் தெரிந்து போட்டது. இது முந்தைய வெட்கத்தைவிடப் பெரியது, இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சிங்கராயனுடைய போன் நம்பர் தன்னிடம் இருக்கிறதா என்று ஏனோ அப்போது யோசித்தார். அவளிடம் இருக்கும். அவள் அதையெல்லாம் விடமாட்டாள்.

செல்வக்கனி திரும்பிப் பின்சீட்டிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தாள். காலையில் அதை அவர் பார்த்திருந்தார், அவளுடைய ஏதோ சாமான் என்று நினைத்திருந்தார். இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றை அவர் மடியில் வைத்துவிட்டு மற்றதைத் தான் திறந்தாள். மணம் காருக்குள் எழுந்தது. இத்தனை மாதப் பழக்கத்தில் பால்துரையின் கை தானாகப் போய் கதவில் இருந்த பொத்தானை அழுத்தியது, கண்ணாடி இறங்கியது, குளிர் முகத்தில் அடித்தது. பக்கத்துக் காரில் ஏறப்போன ஒரு அம்மாள் இவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்குத் தெறக்கிய? குளிருது, ஏத்துங்க," என்றாள் செல்வக்கனி.

பால்துரை கண்ணாடியை ஏற்றினார்.